ராஜ குடும்பத்துக்கு வரிப்பணம் எவ்வளவு போகிறது: நாமே கணக்கெடுக்கும் முறை

2022 ஆடி மாதம். லண்டனில் வேலை பார்க்கும் என் ஆச்சி மகள் பள்ளத்தூருக்கு விடுமுறையில் வந்திருந்தாள். (அக்காவை நாங்கள் ஆச்சி என்றுதான் சொல்வோம்.) அங்கே சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கப்படுகிறவள். வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "சித்தி, ராணி குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு 29 பென்ஸ்தான் ஆகிறதாம். அவ்வளவுதான்" என்றாள்.

"எதையெல்லாம் கூட்டினார்கள்? எத்தனை பேருக்கு வகுத்தார்கள்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு நீளநோட்டில் கோடு போட்டு ஆரம்பித்தோம். மூன்று வருடமாக அந்த நோட்டை வைத்திருக்கிறோம். அதில் கற்றதைத்தான் இங்கே முறையாக எழுதுகிறேன். எந்த நாட்டு ராஜ குடும்பத்துக்கும் இந்த முறை பொருந்தும். இங்கிலாந்தின் கணக்கு நிறைய அச்சாகிறது என்பதால் அதையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள். இப்போது என் கணவர் வழிப் பங்காளி வீட்டின் பொதுக் கணக்கு என் கையில் இருக்கிறது. பதினான்கு புள்ளிக்குப் பங்குள்ள வீடு. (கல்யாணமான ஒரு குடும்பம் எங்களுக்கு ஒரு புள்ளி.) "ஆளுக்கு இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த வீடுதான்.

என்னிடம் வருவதற்கு முன் அந்தக் கணக்கில் வருடச் செலவு 42,000 ரூபாய், புள்ளிக்கு 3,000 என்று இருந்தது. எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்துவந்தார்கள். நான் சிட்டையைப் புரட்டிப் பார்த்தேன். காவல்காரர் குடும்பம் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முன்பகுதிக்கு அடுத்த பகுதியில், வாடகை இல்லாமல் இருந்தது. அதை வாடகைக்கு விட்டால் மாதம் 2,500 வரும். வருடத்துக்கு 30,000. அந்த வருடம் ஓடு மாற்றிய 55,000 ரூபாயை ஒரு பங்காளி மட்டும் தன் கைப்பணத்தில் கொடுத்திருந்தார். அது பொதுக் கணக்குக்கே வரவில்லை. கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு இன்னொருவர் பேரில் இருந்தது. அவர் கட்டியது 8,000. எல்லாம் சேர்ந்தால் 1,35,000. புள்ளிக்கு 9,643 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். யாரும் ஒரு ரூபாய்கூடத் திருடவில்லை. ஆனாலும் 3,000 என்பது உண்மையான செலவு இல்லை.

அந்தக் கணக்கில் விட்டுப்போனதை வைத்துத்தான் நான்கு தலைப்புகள் போட்டேன். கையில் கொடுத்தது. வேறு பேரேட்டில் எழுதியது. வாங்காமல் விட்டது. எப்படியும் ஆகியிருக்கும் செலவு. முதல் மூன்றையும் கூட்ட வேண்டும். நான்காவதைக் கழிக்க வேண்டும்.

முதலில், எந்த மாதிரி ராஜா என்று பாருங்கள்

இதைத் தவறவிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே கோணிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று விதமான ராஜாக்கள் இருந்தார்கள்.

கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "இதற்கு அரசாங்கம் எவ்வளவு தருகிறது?" என்று கேட்பார்கள். செட்டிநாட்டு ராஜா என்பது பட்டம். அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-ல் பிரிட்டிஷ் அரசு பரம்பரைப் பட்டமாகக் கொடுத்தது. அவருக்கு நாடு கிடையாது, குடிமக்கள் கிடையாது, வரி வசூல் கிடையாது. அந்த வீடு வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்து சம்பாதித்த பணத்தில் எழுந்தது. பட்டம் வருவதற்கு முன்பே கட்டி முடிந்துவிட்டது. வரி செலுத்துவோர் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

சிவகங்கை வேறு விதம். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஜமீனாக்கியது. ஜமீன்தார் குடியானவர்களிடம் வசூலித்தார், அதில் ஒரு பங்கைப் பேஷ்குஷ் என்று கம்பெனிக்குக் கட்டினார், மீதியில் அரண்மனை நடந்தது. இங்கே செலவைத் தாங்கியவர் விளைச்சலில் பங்கு கொடுத்த குடியானவர். கருவூலத்திலிருந்து பணம் போகவில்லை என்பதால் செலவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பிறகு 1948 சட்டப்படி ஜமீன்களை ஒழித்தபோது நஷ்டஈடு கொடுத்தார்கள். அது பொதுப்பணம்.

புதுக்கோட்டை அசல் சமஸ்தானம். தொண்டைமான் ஆட்சி. அம்மன் காசு என்று சொந்த நாணயமே இருந்தது. செட்டிநாட்டு ஊர்களில் சில அந்தச் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தன. 1948 மார்ச் 3-ல் அது இந்திய யூனியனோடு சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த சமஸ்தான மன்னர்களுக்கு மத்திய அரசு வருடாவருடம் கொடுத்ததுதான் மன்னர் மானியம். அன்றைய அரண்மனையில் இன்றைக்குக் கலெக்டர் அலுவலகம் நடக்கிறது.

ஆக, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது இது: பணம் யார் கையிலிருந்து புறப்படுகிறது? வரி செலுத்துவோரா, நிலத்துக் குடியானவரா, வியாபாரமா? இங்கிலாந்தின் மன்னர் குடும்பத்துக்கு மூன்றும் கலந்து வருகிறது. அதனால்தான் அந்தக் கணக்கு சிக்கலாகத் தெரிகிறது.

கையில் கொடுத்தது

இதுதான் எல்லோரும் சொல்லும் தொகை. இங்கிலாந்தில் இதன் பெயர் சாவரின் கிராண்ட். 2011-ல் சட்டம் போட்டு 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சிவில் லிஸ்ட் என்ற பெயரில் கொடுத்தார்கள். வருடாவருடம் கோடைகாலத்தில் அரண்மனை இதற்கென்று ஒரு அறிக்கை வெளியிடுகிறது. அரசின் தணிக்கை அலுவலகம் அதைத் தணிக்கை செய்கிறது. யாரும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். செய்திகளைப் படிப்பதோடு நிற்காமல் அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஊழியர் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, பயணம் எல்லாம் தனித்தனித் தலைப்பில் இருக்கும்.

தொகையை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதையும் அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். தொகையைவிட விதி முக்கியம். கிரௌன் எஸ்டேட் என்று ஒரு பெரிய சொத்துத் தொகுப்பு இருக்கிறது. லண்டன் ரீஜன்ட் தெருக் கட்டடங்கள், விவசாய நிலங்கள், கரையிலிருந்து 12 கடல் மைல் வரைக்கும் கடலடி நிலம் என்று நிறைய. அதன் லாபம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய லாபத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் இந்த வருட மானியம். ஆரம்பத்தில் 15 சதவீதம். பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய மின்கம்பி, குழாய் எல்லாவற்றையும் மாற்ற 36.9 கோடி பவுண்டில் பத்து வருடத் திட்டம் போட்டார்கள். அதற்காக 2017-18-லிருந்து 25 ஆக்கினார்கள். 2024-25-லிருந்து 12.

இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள். 2022-23-ல் எஸ்டேட் லாபம் 44.26 கோடி பவுண்டு. அதில் 12 சதவீதம் 5.31 கோடி. அது 2024-25-க்குரிய மானியமாக வர வேண்டும். ஆனால் அந்த வருடம் கொடுத்தது 8.63 கோடி. பெருக்கலில் தப்பில்லை. போன வருடத்தைவிட மானியம் குறையக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. லாபம் கூடினால் கூடும், குறைந்தால் குறையாது. நானும் என் ஆச்சி மகளும் இந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் நகரத்தார் கடைகளில் ஐந்தொகை போடும்போது லாபம் குறைந்த வருடம் முதலாளியின் பங்கும் குறையும். அதுதான் நியாயம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். மக்கள் பணத்தில் வருகிற பங்குக்கு மட்டும் அடிமட்டம் வைத்து, மேல்மட்டம் வைக்காமல் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த விதியை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வருடத்தையும் பாருங்கள். 2023-24-ல் கடலில் காற்றாலை அமைக்க நிறுவனங்கள் கட்டிய பெரும் கட்டணத்தால் எஸ்டேட் லாபம் சுமார் 110 கோடி பவுண்டாக ஏறியது. அதில் 12 சதவீதம் 13.21 கோடி. 2025-26 மானியம் அதுதான். ஒரே வருடத்தில் 8.63 கோடியிலிருந்து 13.21 கோடி. கூடுதல் பணம் அரண்மனைப் பழுதுபார்ப்பை முடிப்பதற்கு என்று சொல்கிறார்கள். அது உண்மையும்கூட. ஆகவே உங்கள் கணக்கில் வழக்கமான செலவு ஒரு வரி, கட்டட வேலை இன்னொரு வரி என்று பிரித்து எழுதுங்கள். ஓடு மாற்றிய வருடத்தை மட்டும் காட்டி வீட்டுச் செலவு இரட்டித்துவிட்டது என்று சொன்னால் அதுவும் நேர்மையான கணக்கு இல்லை.

வேறு பேரேட்டில் எழுதியது

இதைத் தேடுவதில்தான் நேரம் போகும். ஆனால் தேடத் தேடக் கிடைக்கும்.

மானியத்துக்குள் பாதுகாப்புச் செலவு கிடையாது. போலீஸ், மெய்க்காவலர் எல்லாம் உள்துறைக் கணக்கில் போகிறது. பாதுகாப்பு காரணம் சொல்லி அந்தத் தொகையை வெளியிடுவதில்லை. அந்த வரியை அழித்துவிடாதீர்கள். பூஜ்யமும் எழுதாதீர்கள். "வெளியிடவில்லை" என்று எழுதி வெறுமையாக விடுங்கள். தொகை தெரியாத செலவும் செலவுதான்.

பெரிய நிகழ்ச்சிகள் தனி. ராணி எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்கு அரசுத் துறைகள் செலவிட்டது சுமார் 16.2 கோடி பவுண்டு. 2023 மே மாதம் நடந்த மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவுக்கு 7.2 கோடி. இரண்டையும் அரசே பின்னால் வெளியிட்டது. முடிசூட்டுக் கணக்கு வெளிவர ஒன்றரை வருடம் ஆனது. அதனால் நிகழ்ச்சி நடந்த வாரத்தில் செய்திகளில் அடிபடும் தொகையை மையால் எழுதாதீர்கள். பென்சிலால் எழுதி வையுங்கள்.

அப்புறம் உள்ளூர் மன்றங்கள். இளவரசர் ஒரு ஊருக்கு வந்தால் தடுப்பு கட்டுவது, சாலையை மூடுவது, குப்பை அள்ளுவது எல்லாம் அந்த ஊர் மன்றத்தின் செலவு. எங்கள் ஊருக்கு மந்திரி வந்தால் ஊராட்சி ஆட்கள் இரண்டு நாள் வேறு வேலை பார்க்க முடியாது. அதே கதைதான். சின்னச் சின்னத் தொகை, ஆனால் நாடு முழுக்க.

மற்ற நாடுகளோடு ஒப்பிடுகிறவர்கள் இந்தத் தலைப்பில்தான் வழுக்குகிறார்கள். ஸ்பெயின் அரச குடும்பத்தின் வருட ஒதுக்கீடு 84.3 லட்சம் யூரோ. "ஐரோப்பாவிலேயே சிக்கனமான ராஜா" என்று சொல்வார்கள். அங்கே அரண்மனைகளைப் பராமரிப்பது தனி அரசு அமைப்பு. பாதுகாப்பு உள்துறையின் கணக்கு. அந்த 84 லட்சத்தையும் இங்கிலாந்தின் கட்டடச் செலவு சேர்ந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மோட்டார் பில் சேர்த்த வீட்டையும் சேர்க்காத வீட்டையும் ஒப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

மலேசியாவில் சொந்தம் உள்ளவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு குறிப்பு. அங்கே பரம்பரை ஆட்சியாளர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குள் முறைவைத்து ஐந்து வருடத்துக்கு ஒருவர் பேரரசர் ஆகிறார். பேரரசரின் செலவு மத்திய அரசின் கணக்கில் இருக்கும், அந்தந்த மாநில ஆட்சியாளரின் செலவு மாநிலத்தின் கணக்கில் இருக்கும். மத்திய பட்ஜெட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால் ஒன்பது பேரேட்டை விட்டுவிட்டீர்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகியவற்றில் பரம்பரை ஆட்சியாளர் கிடையாது, ஆளுநர்தான்.

வாங்காமல் விட்டது

காவல்காரர் இருந்த அந்த இரண்டாம் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் வெளியே போகவில்லை. வர வேண்டியது வரவில்லை.

இங்கிலாந்தில் லங்காஸ்டர் டச்சி, கார்ன்வால் டச்சி என்று இரண்டு பெரிய நிலத்தொகுப்புகள் உண்டு. முதலாவதன் வருமானம் மன்னருக்கு. இரண்டாவது 1337-ல் ஏற்பட்டது, பட்டத்து இளவரசருக்குரியது. 2023-24-ல் மன்னருக்கு 2.74 கோடி பவுண்டும், இளவரசர் வில்லியமுக்கு 2.36 கோடியும் இவற்றிலிருந்து கிடைத்தன. இது மானியத்துக்கு மேலே வருவது. இந்த டச்சிகள் நிறுவன வரி கட்டுவதில்லை. மன்னர் வருமான வரி கட்டுகிறார், ஆனால் சட்டக் கட்டாயத்தால் இல்லை. 1993-லிருந்து தானாக முன்வந்து கட்டும் ஏற்பாடு. எவ்வளவு கட்டுகிறார் என்பதும் வெளியே வருவதில்லை. அதே ஏற்பாட்டில், ஒரு மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி கிடையாது. என் ஆச்சி மகள் அங்கே ஒரு வீடு வாங்கி, அவள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போனால், விலக்கு வரம்புக்கு மேல் உள்ள மதிப்புக்கு 40 சதவீதம் வரி. நோட்டில் இதை எழுதும்போது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

டச்சிகளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. அது தனிச்சொத்து, அதை ஏன் பொதுக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பாள் அவள். மன்னர் பதவியில் இருப்பதால் மட்டுமே கிடைக்கிற சொத்து, விற்கவும் முடியாது, அது எப்படித் தனிச்சொத்தாகும் என்பேன் நான். கடைசியில் இரண்டு விதமாகவும் கூட்டி இரண்டு மொத்தம் எழுதினோம். நீங்களும் அப்படிச் செய்யலாம். ரிபப்ளிக் என்ற முடியாட்சி எதிர்ப்பு அமைப்பு 2024-ல் மொத்தச் செலவு வருடத்துக்கு 51 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. அதில் பாதுகாப்பு மதிப்பீடு, டச்சி வருமானம், உள்ளூர் மன்றச் செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறது. ஒரு தரப்பின் கணக்கு என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். அரண்மனையின் கணக்கும் ஒரு தரப்பின் கணக்குதான்.

நம் ஊரிலும் இந்தத் தலைப்பு இருந்தது. மன்னர் மானியத்தில் மைசூருக்கு வருடம் 26 லட்சம், திருவிதாங்கூருக்கு 18 லட்சம். சௌராஷ்டிரப் பக்கம் கடோடியா என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்கு வருடத்துக்கு 192 ரூபாய். தொகையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அரசியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவு அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை என்றும் சொல்லியிருந்தது. 26 லட்சம் வாங்கிய ஒருவர் வரி கட்டியிருந்தால் எவ்வளவு கட்டியிருப்பார் என்று அந்தக் கால வரி விகிதத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 1970-ல் மானியத்தை நிறுத்தக் கொண்டுவந்த மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் விழுந்தது. குடியரசுத் தலைவர் உத்தரவால் நிறுத்திப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. 1971 தேர்தலுக்குப் பிறகு 26-ஆம் திருத்தம் வந்து, அந்த டிசம்பரோடு மானியம் முடிந்தது. ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததை அரசு மீறலாமா என்று அப்போது எங்கள் வீட்டிலேயே வாதம் நடந்ததாம். அப்பச்சி சொல்வார்கள். எழுத்துக்கு மதிப்புக் கொடுத்துத் தொழில் செய்தவர்கள், அந்தக் கேள்வி அவர்களுக்கு லேசானது இல்லை.

கழிக்க வேண்டியது

இதைச் செய்யாமல் விட்டால் நாமும் ஒருபக்கக் கணக்கு எழுதினவர்கள் ஆவோம்.

ராஜா இல்லாத நாட்டுக்கும் ஒரு தலைவர் வேண்டும், அவருக்கும் வீடு வேண்டும், காவல் வேண்டும். நம் குடியரசுத் தலைவருக்கு மாதச் சம்பளம் 5 லட்சம். 340 அறை கொண்ட மாளிகை. அதன் செலவு வருடாவருடம் மத்திய பட்ஜெட் ஏட்டில் தனி இனமாக வருகிறது. எனவே ராஜ குடும்பத்தின் கூடுதல் செலவு என்பது, மொத்தச் செலவிலிருந்து ஒரு குடியரசுத் தலைவருக்கு ஆகக்கூடியதைக் கழித்தபின் நிற்பது. இறுதிச் சடங்கும் பதவியேற்பும் குடியரசிலும் உண்டு. அவற்றையும் முழுதாக ராஜ குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது.

சுற்றுலா வருமானம் என்பார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்கும் தஞ்சாவூர் அரண்மனைக்கும் இன்றும் கூட்டம் வருகிறது. தஞ்சையில் அரசாட்சி 1855-லேயே முடிந்துவிட்டது. ஆகவே ராஜா இருப்பதால் மட்டும் கூடுதலாக வரும் ஆட்கள் எத்தனை என்பதைத்தான் கழிக்க முடியும். அதைப் பிரித்துக் காட்டும் கணக்கு கைக்கு வரும்வரை நான் எதையும் கழிக்கவில்லை. டிக்கெட் பணம் செலவை ஈடுகட்டலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1992-ல் வின்ட்சர் கோட்டை தீப்பிடித்தது. சீரமைக்க 3.65 கோடி பவுண்டு ஆனது. யார் கொடுப்பது என்று பெரிய கோபம் எழுந்த பிறகு, பக்கிங்ஹாம் அரண்மனையைக் கோடையில் மக்களுக்குத் திறந்துவிட்டு, அந்த டிக்கெட் பணத்திலிருந்து பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். இங்கே ஓட்டு வீட்டைக் காப்பாற்ற முடியாமல் முகப்பையும் வளவையும் பார்வையாளருக்குத் திறந்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த முடிவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும்.

பெரிய வாதம் இன்னொன்று. "கிரௌன் எஸ்டேட் மன்னருடையது. அவர் 110 கோடி கொடுத்துவிட்டு 13 கோடி வாங்குகிறார். வரி செலுத்துவோருக்கு லாபம்தான்." என் ஆச்சி மகளும் முதலில் இதை நம்பினாள். 1760-ல் மூன்றாம் ஜார்ஜ் அந்த நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்திடம் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வருடத் தொகை வாங்கிக்கொண்டார். அந்த வருமானத்திலிருந்து நிர்வாகச் செலவைப் பார்க்க வேண்டிய பொறுப்பும் அவரை விட்டுப் போனது. நிலம் மன்னர் பதவியின் பேரில் இருக்கிறது, மனிதரின் பேரில் இல்லை. அவரால் விற்க முடியாது, அதன் வருமானம் அவர் கைக்குப் போகாது. எங்கள் நகரக் கோவில் நிலம் சுவாமி பேரில் இருக்கும், காரியக்காரர் பார்த்துக்கொள்வார். அந்த நிலத்துக் குத்தகையைக் கோவிலில் கட்டிவிட்டு, "நான் கோவிலுக்கு இவ்வளவு நன்கொடை கொடுத்தேன்" என்று எந்தக் காரியக்காரரும் எழுத மாட்டார். அதனால் எஸ்டேட் லாபத்தை நான் கழிப்பதில்லை. மானியம் பொதுப்பணம் என்றே எழுதுகிறேன். பால்மோரல், சாண்ட்ரிங்ஹாம் இரண்டும் அசல் தனிச்சொத்து. அவற்றை நம் நோட்டிலேயே ஏற்றக் கூடாது.

வகுக்கும்போது

அந்த 1 பவுண்டு 29 பென்ஸ் எப்படி வந்தது என்று இப்போது சொல்லலாம். 8.63 கோடியைச் சுமார் 6.7 கோடி ஜனத்தொகைக்கு வகுத்தால் வரும். தொட்டில் குழந்தையும் அதில் ஒரு ஆள். எங்கள் கோவில்களில் புள்ளி வரி போடும்போது கல்யாணமான குடும்பத்தைத்தான் ஒரு புள்ளியாக எண்ணுவோம். குழந்தைகளையும் எண்ணினால் வரி சின்னதாகத் தெரியும், ஆனால் கொடுக்கிற கை அதேதான். இங்கிலாந்தில் 2025-26-ல் வருமான வரி கட்டுவோர் 4 கோடிக்கும் குறைவு. 2025-26 மானியமான 13.21 கோடியை அவர்களுக்கு வகுத்தால் ஆளுக்கு 3 பவுண்டு 30 பென்ஸுக்கு மேல் போகிறது. 2024 ஜனத்தொகையான சுமார் 6.93 கோடிக்கு வகுத்தால் சுமார் 1 பவுண்டு 90 பென்ஸ். எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ரூபாயாக மாற்றி ஒப்பிடுவதைத் தவிருங்கள். வருடத்துக்கு வருடம் மாற்று விகிதம் ஆடும். 1950-ன் லட்சத்தை இன்றைய லட்சத்தோடு வைக்கவே கூடாது.

கேட்டு வாங்குவது

வெறுமையாக விட்ட வரிகளை நிரப்பக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். இங்கிலாந்தின் தகவல் சட்டம் அரண்மனைக்குப் பொருந்தாது. 2011-லிருந்து மன்னரோடும் பட்டத்து இளவரசரோடும் நடந்த கடிதப் போக்குவரத்துக்கும் முழு விலக்கு. ஆனால் நகர மன்றங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆகவே கேள்வியை அரண்மனையிடம் அனுப்பாமல் செலவு செய்த ஊர் மன்றத்திடம் அனுப்புங்கள். "அரச குடும்பத்துக்கு எவ்வளவு செலவு?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்தத் தேதி, யார் வருகை, தடுப்பு, துப்புரவு, கூடுதல் நேரக் கூலி என்று இனம் பிரித்துக் கேளுங்கள். நம் ஊரில் 2005 தகவல் உரிமைச் சட்டப்படி மத்திய அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ஒரு பழைய அரண்மனைக்குப் பராமரிப்பு நிதி போகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த வழி போதும்.

போன மாதம் என் ஆச்சி மகள் தான் வசிக்கும் பகுதியின் மன்றத்துக்கு எழுதினாள். முடிசூட்டு விழா வாரயிறுதியில் தெருக்களை மூடியதற்கும் துப்புரவுக்கும் எவ்வளவு ஆனது என்று கேட்டிருக்கிறாள். கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினாள். கூடுதல் நேரக் கூலியைத் தனி வரியாகக் கேட்கச் சொன்னேன், சேர்த்துக்கொண்டாள். நோட்டில் "வேறு பேரேட்டில் எழுதியது" என்ற தலைப்பின் கீழ் ஏழாவது வரி அதற்கு. தேதியும் கடித எண்ணும் எழுதியாகிவிட்டது. தொகைக்கு இடம் விட்டிருக்கிறோம்.